அடுத்த இலையுதிர்காலக் கருவி

காது பரிசோதிக்கும் அறைக்குத் தடித்த கதவு. சுவரெங்கும் துளையிட்ட தகடு. உள்ளே ஒரு கதிரை, ஒரு ஹெட்போன், ஒரு கண்ணாடி யன்னல். யன்னலுக்கு அப்பால் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்கு மேல் இராது. ஹெட்போனில் ஓர் ஆண்குரல் நொர்வேஜியச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லும், கேட்டதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகக் கேளாவிட்டால் ஊகித்துச் சொல்லலாம் என்றாள். முப்பத்தைந்து வருடங்களாக நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

சோதனை முடிந்ததும் ஒரு தாளைக் காட்டினாள். வலது காதுக்குச் சிவப்புக் கோடு, இடது காதுக்கு நீலக் கோடு. இரண்டும் மேலே தொடங்கி வலப்பக்கமாகச் சரிந்து விழுந்தன. நீலம் கூடுதலாக விழுந்திருந்தது. இரைச்சலான இடத்தில் வேலை செய்ததுண்டா என்று கேட்டாள்.

நொர்வேயின் வட கோடியில், பாட்ஸ்பியோர்டில் மீன் தொழிற்சாலையில் ஏழு வருடம் நின்றிருக்கிறேன். மீனின் முள்ளை எடுத்துச் சதையைத் துண்டாக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை. எல்லோருக்கும் மஞ்சள் நிறக் காதுக் கவசம் தந்திருந்தார்கள். நொர்வேக்காரர் அதை இரண்டு காதிலும் போட்டுக்கொண்டு பேசாமல் நின்றார்கள். நாங்கள் தமிழர் ஒரு பக்கத்தைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டோம். பக்கத்தில் நிற்பவனோடு கதைக்காமல் எட்டு மணித்தியாலம் நிற்க எங்களால் முடியவில்லை. என்னோடு கதைப்பவன் என் இடப்பக்கம் நின்றான். நீலக் கோடு கூடுதலாக விழுந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

காது பழுதானது எனக்கு நீண்ட காலம் தெரியவில்லை. கடையில் காசு வாங்கும் பெண் சொல்வது விளங்காதபோது, என் நொர்வேஜிய மொழி போதாது என்று நினைத்தேன். ஒஸ்லோவுக்கு வந்து தபால் பிரிக்கும் வேலையில் சேர்ந்த பின்னும் அப்படியே. கூட்டங்களில் மேற்பார்வையாளர் பேசுவது பாதிதான் பிடிபடும். மாலை வகுப்புக்குப் போனேன். அகராதி வாங்கினேன். இரண்டாம் முறையும் மாலை வகுப்புக்குப் போனேன். வகுப்பில் எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளிகள் வந்தன, கேட்டல் பரீட்சையில் வரவில்லை. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. மொழி தெரியாதவன் என்ற நினைப்பு அவ்வளவு பழகியிருந்தது.

உறைத்தது எங்கள் குசினி மேசையில். என் மனைவி தமிழில் சொன்னது எனக்கு விளங்கவில்லை.

அந்த மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஒஸ்லோவில் ரொம்மன் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். காலைப் பணி முடிந்து நாலரை மணிக்கு வெஸ்ட்லியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவாள். தேநீரோடு உட்கார்ந்து அன்று நடந்ததைச் சொல்வாள். சும்மா சொல்வதில்லை, ஒவ்வொருவராக மாறிச் சொல்வாள். தொண்ணூறு வயது நொர்வேக் கிழவி ஒருத்தி எப்படி மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே ஆம் என்பாள், மேலாளர் எப்படிச் சிரித்துக்கொண்டே குறை சொல்வார், எல்லாம் வரும். அவள் கதைகளின் சிறந்த பகுதிகள் மிக மெல்லிய குரலில் இருக்கும். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் மூன்று வருடம் உதவி ஆசிரியராக இருந்தவன். நல்ல செய்தி எது என்று தெரியும். இடையிடையே ‘பிறகு?’ என்று மட்டும் கேட்பேன். இருபது வருடங்களுக்கு மேல் இது நடந்தது. எங்களுக்குள் இருந்த நெருக்கத்தில் பெரும்பகுதி அந்த முக்கால் மணித்தியாலத்தில்தான் இருந்தது என்று இப்போது கணிக்கிறேன்.

ஆகவே காதுக் கருவி எடுப்பதற்கு எனக்கு ஒரே ஒரு காரணம்தான். அதைத் தெரிந்துகொண்டேதான் தள்ளிப்போட்டேன்.

பரிசோதித்த பெண் கருவியை உடனே எடுக்கச் சொன்னாள். அரசின் உதவி உண்டு. ஆனால் ஒருமுறை எடுத்தால் அடுத்ததற்கு ஆறு வருடம் செல்லும். புதிய கருவி ஏதும் வரவிருக்கிறதா என்று கேட்டேன். வருகிற இலையுதிர் காலத்தில் ஒன்று வருவதாகச் சொல்கிறார்கள் என்றாள். பிறகு, எப்போதும் ஒன்று வந்துகொண்டுதான் இருக்கும் என்றும் சொன்னாள். முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் சென்னையிலிருந்து வந்த ஒரு மென்பொருள் பொறியாளர் இருக்கிறார். இளைஞர், நல்லவர். அவரிடம் கருவியின் விவரத்தாளைக் காட்டினேன்.

“இப்போ எடுக்காதீங்க அங்கிள்” என்றார். “இது மூணு வருஷம் பழைய சிப். அடுத்தது ஏஐ வச்சு வருது. பேச்சைத் தனியா, சத்தத்தைத் தனியா பிரிச்சிடும். ஆறு வருஷம் மாட்டிக்கிட்டு இருக்கப்போறீங்க. ஆறு மாசம் வெயிட் பண்ண முடியாதா?”

குசினியிலிருந்து மனைவி கேட்டாள்: “அந்த ஆறு மாசமும் நீர் கீழை வந்து இவரோடை கதைப்பீரோ, தம்பி?”

“ஆன்ட்டி செமயா கலாய்க்கிறாங்க” என்று அவர் சிரித்தார். பிறகு அவர் திருப்பிச் சொல்லித்தான் அவள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. பத்திரிகையில் உறுதிப்படாத செய்தியை ஒருநாள் வைத்திருப்போம். மறுநாள் கூடுதல் விவரம் வரும், செய்தி திருத்தமாக வெளியாகும். அந்தப் பழக்கம் என்னை ஒருபோதும் கெடுத்ததில்லை. ஒரு கொப்பியில் கட்டம் போட்டு, கருவிகளின் பெயர், சிப், மின்கலம், எடை என்று எழுதி வைத்தேன்.

இலையுதிர் காலம் வந்தது. கருவியும் வந்தது. ஆனால் அரசு உதவி பெறும் பட்டியலில் அது இன்னும் சேரவில்லை. வசந்தத்தில் சேரலாம் என்றார்கள். வசந்தத்தில் சேர்ந்தது. அதற்குள் பொறியாளர் இன்னொரு இணைப்பை அனுப்பியிருந்தார். அதே நிறுவனம், அடுத்த தலைமுறை, காதுக்குள் மறையும் அளவு. மறையும் என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. கோயிலில் நாலு பேர் பார்ப்பதை நான் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

“என்னப்பா, காது மெசினோ கலியாணப் பொம்பிளையோ? இவ்வளவு நாளாப் பாக்கிறியள்” என்றாள் மனைவி.

“ஆறு வருசத்துக்கு மாத்தேலாது. பாத்துத்தானே எடுக்கோணும்.”

“பாருங்கோ, பாருங்கோ. பேப்பரிலை இருந்த ஆளெல்லோ. அச்சுக்குப் போறவரைக்கும் திருத்துவியள்.”

இதை அவள் மூன்று முறை சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. மூன்றாம் முறை சொல்லும்போது சிரிப்பு இல்லை.

மேசையில் நடந்த மாற்றத்தை ஒழுங்காகச் சொல்ல முடியும். முதலில் ஒரு வரியை இரண்டு தரம் சொன்னாள். பிறகு உரத்துச் சொன்னாள். உரத்துச் சொன்னதும் கதைக்குள் இருந்த ஆட்கள் போய்விட்டார்கள். காதோடு இரகசியம் சொல்லும் கிழவியைக் கத்தி நடித்துக் காட்ட முடியாது. எல்லோரும் ஒரே குரலில், சந்தையில் விலை சொல்பவர்கள்போலப் பேசினார்கள். அதன் பிறகு அவள் முடிவை மட்டும் சொன்னாள். “கிழவன் விழுந்திட்டார். கால் முறிஞ்சுபோச்சு.” எப்படி விழுந்தார் என்று கேட்டால், “அது பெரிய கதை, விடுங்கோ.” மூன்றாவது வருடத்தில் எங்களிடையே சொற்கள் எஞ்சியிருந்தன, வாக்கியங்கள் குறைவு. சாப்பாடு. கதவு. கடிதம் வந்திருக்கு. அவளும் பிந்தி வரத் தொடங்கினாள். இரண்டே தரிப்புத் தூரம்தான், ரயிலில் சில நிமிடம். உடம்புக்கு நல்லது என்று நடந்து வருவதாகச் சொன்னாள்.

இவையெல்லாம் என் கண்முன் நடந்தன. கருவி வந்ததும் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வசந்தத்தில் எடுத்தேன். பொறியாளர் அப்போதும் ஒன்றை அனுப்பியிருந்தார், நான் திறந்து பார்க்கவில்லை. அதே பெண்தான் பொருத்தினாள். கருவி சொன்னபடி வேலை செய்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளியே பனி உருகிக்கொண்டிருந்தது. நடைபாதையில் குளிர்காலம் முழுக்கத் தூவிய சிறு கற்கள் சப்பாத்துக்குக் கீழே நெரிபடும் ஒலி கேட்டது. ரயிலில் எனக்குப் பின்னால் இருந்த இருவர் பேசிய நொர்வேஜிய மொழி ஒரு சொல் விடாமல் விளங்கியது. மாலை வகுப்புகளை நினைத்தேன்.

மனைவி ஐந்தேகாலுக்கு வந்தாள். தேநீர் ஊற்றி வைத்திருந்தேன்.

“இண்டைக்கு என்ன நடந்தது?”

“என்ன நடக்கிறது. வேலை!” என்று கத்தினாள்.

“இப்ப வடிவாக் கேக்குது. மெல்லவே சொல்லும்.”

அவள் என் காதைப் பார்த்தாள். “நல்லது” என்றாள், அதே சத்தத்தில். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து உடுப்புத் தோய்க்கப் போனாள்.

இரண்டு வாரம் அப்படியே போனது. பிறகு ஒருநாள் நான் வாசலுக்குப் பக்கத்தில் சப்பாத்து வைக்கும் வாங்கில் இருந்தபோது, மாடிப்படியில் அவளுடைய குரல் கேட்டது. கதவு மூடியிருந்தது. எங்கள் தளத்துக்கு அரைத்தளம் கீழே நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். லண்டனில் இருக்கும் தன் தங்கைக்கு அன்றைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேலாளரின் சிரிப்பு வந்தது. ஒரு கிழவியின் இழுத்த மூச்சு வந்தது. நான் மூன்று வருடமாகக் கேளாத மெல்லிய குரல் அங்கே இருந்தது. கதை முடிந்து, இருவரும் சிரித்து, தொலைபேசியை வைத்து, திறப்பைப் போட்டு உள்ளே வந்தாள். என்னைக் கண்டதும் ஒரு கணம் நின்றாள்.

அன்று மேசையில் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

“ஆருக்காவது சொல்லத்தானே வேணும். அவளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிட்டுது.”

“இப்ப எனக்குச் சொல்லலாமே.”

“வாற வழியிலை சொல்லி முடிஞ்சுபோடுமப்பா. ஒரு கதையை ரெண்டு தரம் சொல்ல வராது. நான் என்ன, ரேப் ரெக்கோடரோ?”

“அவவுக்கு முதல் எனக்குச் சொல்லும்.”

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். அடுத்த நாள் யாரோடும் பேசாமல் ரயிலில் வந்து நாலரைக்கு என் முன்னால் உட்கார்ந்தாள். இல்லத்தில் இரண்டு கிழவிகள் யன்னலோரக் கதிரைக்காகச் சண்டை பிடித்த கதை. நல்ல கதை. ஒவ்வொரு வரிக்கும் பிறகு நிறுத்தி, “கேட்டதோ?” என்றாள். கேட்டது என்றேன். கண்ணைப் பார்க்காமல் காதையே பார்த்துச் சொன்னாள். நான் ‘பிறகு?’ என்று சொன்னபோது, காதில் விழாததால் கேட்கிறேன் என்று நினைத்து அதே வரியை உரத்துத் திருப்பிச் சொன்னாள். நாலு நிமிடத்தில் முடிந்தது. தேநீர் சூடாகவே இருந்தது.

“வருகுதில்லை” என்றாள். “உங்களுக்குக் கேக்குதெண்டு எனக்குத் தெரியுது. என்ரை வாய்க்குத் தெரியேல்லை.”

“பழகினா வரும்.”

“எனக்கு அறுபது வயசு வருது. இனி எங்கை பழகிறது?” கோபமாகச் சொல்லவில்லை. என் கோப்பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

மறுநாள் நடந்து வந்தாள்.

ஐந்து மணிக்கு நான் இப்போது வாசல் வாங்கில் இருக்கிறேன். இதை அவளுக்குச் சொல்லவில்லை. கதையின் கடைசிப் பகுதி மட்டும்தான் படியில் கேட்கும், தொடக்கமெல்லாம் ரொம்மனுக்கும் நடுத் தரிப்பான ஸ்டொவ்னருக்கும் இடையில் தெருவிலேயே சொல்லப்பட்டிருக்கும். யார், ஏன் என்று தெரியாமல் முடிவுகளைக் கேட்கிறேன். நேற்று யாரோ ஒருவருடைய பொய்ப்பல் இன்னொருவருடைய கோப்பிக் குவளைக்குள் இருந்தது. லண்டனில் தங்கை சிரித்தது தொலைபேசியின் ஒலிபெருக்கி வழியாக, கதவு வழியாக, எனக்குக் கேட்டது. “வைக்கிறன், வீடு வந்திட்டுது” என்று மனைவி சொன்னதும் எழுந்து குசினிக்குப் போய்க் கேத்திலைப் போட்டேன்.

அவள் உள்ளே வந்து, “மழை வரப்போகுது!” என்று கத்தினாள். உரத்த ஒலிகளை இந்தத் தலைமுறைக் கருவி தானாகவே தணித்துவிடும். அவள் கத்தியதுகூட, அளவாகக் குறைக்கப்பட்டு, இதமாக என் காதுக்குள் வந்தது.