கடைசியில் நிற்க வேண்டியவள்

திருவனந்தபுரத்தில் நாய் வளர்க்கிற பழைய ஆட்கள் சிலர் என்னைப் பற்றி ஒரு பேச்சு வைத்திருக்கிறார்கள். ஹீட்டில் இருந்த பெண் நாயைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்து, ஜட்ஜின் வெள்ளைக் கால்சட்டையைக் கெடுத்த ஹோட்டல்காரன் என்று. இத்தனை காலம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். வயதாகிவிட்டது, இனி ஏன் சும்மா இருக்க வேண்டும்? கெடுத்தது நானும் இல்லை, என் நாயும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

முதலில் நான் யார் என்று தெரிய வேண்டும். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து பழவங்காடியில் எச்சில் இலை எடுத்தவன். அதே தெருவில் சொந்த ஹோட்டல் வைத்தேன், அதன் பிறகு கிழக்கேகோட்டையில் இன்னொன்று. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வருகிறவர்கள் என் கடையில் தோசை தின்னாமல் பஸ் ஏறினதில்லை. எழுபதுகளின் நடுவில் என்னிடம் ஒரு அம்பாசிடர் கார் இருந்தது. இலை எடுத்தவர்களில் வேறு யாரிடமாவது இருந்ததா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கல்லாற்றுக்கு மேலே இருந்த ஒரு எஸ்டேட் மேனேஜர் ஊரை விட்டுப் போகும்போது, என் சமையலை மெச்சி ஒரு அல்சேஷன் குட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். காய்கறிக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தேன். அவள் வளர்ந்த வளர்த்தி எப்படி என்றால், தெருவில் நடத்திக்கொண்டு போனால் ஸ்கூட்டர்காரர்கள் நிறுத்திப் பார்ப்பார்கள். அவளை ‘அது’ என்று எழுத எனக்குக் கை வராது. ‘அவள்’ என்றுதான் எழுதுவேன்.

எங்கள் ஊரில் அப்போது ஒரு சங்கம் வருடத்துக்கு ஒருமுறை நாய்க் கண்காட்சி நடத்தும். அந்த மைதானம் எனக்குப் பழைய பழக்கம். இலை எடுக்கிற காலத்தில் முதலாளி என்னைக் காபித் தூக்கோடு அங்கே அனுப்புவார். மேடையில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள். காபியைக் கூடாரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு அங்கேயே நில், முன்னால் வராதே என்பார்கள். நின்றிருக்கிறேன். அதனால் எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அவள் ஜெயிக்க வேண்டும், கூட்டம் முழுக்கப் பார்க்க அந்த மேடையில் ஏறி நிற்க வேண்டும். கப் எதற்கு? என் ஹோட்டலில் இல்லாத வெள்ளிப் பாத்திரமா?

அவள் வந்த முதல் வருடம் நான் மட்டும் சும்மா பார்க்கத்தான் போனேன். மைதானத்தின் மூலையில் ஒரு டாக்டர் அம்மா தன் பெண் நாயோடு மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஏன் இப்படி ஒதுங்கி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். நாய் ஹீட்டில், அதாவது பருவத்தில் இருக்கிறது, அதற்கு ஒரு முறை உண்டு என்று பொறுமையாகச் சொன்னார். வந்ததும் செயலாளரிடம் சொல்லிவிட வேண்டும். ஆண் நாய்கள் நிற்கிற பக்கம் போகக்கூடாது. நம் முறை வரும்போது மட்டும் ரிங் என்கிற கயிறு கட்டின வட்டத்துக்குள் போய், வரிசையில் கடைசியாக நிற்க வேண்டும். ஏன் கடைசி என்றால், ஜட்ஜ் ஒவ்வொரு நாயையும் பல், நெஞ்சு, இடுப்பு என்று தொட்டுப் பார்ப்பார். இவளைத் தொட்ட கையோடு ஆண் நாயிடம் போனால் அந்தக் கையில் இருக்கிற வாசம் அதைப் படுத்திவிடும். இவளைக் கடைசியில் தொட்டுவிட்டுக் கை கழுவினால் யாருக்கும் தொல்லை இல்லை. இவ்வளவுதான். இதில் புரியாத விஷயம் ஏதாவது இருக்கிறதா?

இரண்டு வருடம் கழித்துப் போட்டிக்கு அவள் பேரைக் கொடுத்தேன். ஹோட்டல் கல்லாவுக்குப் பின்னால் போர்டு எழுதி வைத்தேன், வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொன்னேன். கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவளுக்குப் பருவம் வந்துவிட்டது.

என் மனைவி சொன்னாள், “இந்த வருசம் போவாட்டா என்ன? வீட்ல கெடக்கட்டும், பாவம்.”

வீட்டில் கிடக்க அவள் என்ன தப்புச் செய்தாள் என்று நான் கேட்டேன். சங்கத்தின் விதியில் கூடாது என்று எங்கேயும் இல்லை. இங்கிலீஷில் இருந்ததை ஒருவரை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் புறப்பட்டேன்.

செயலாளர் கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரர், சர்க்கார் ஆபீஸில் நல்ல வேலை. என்னிடம் அன்பானவர், என் கடை ரவா தோசைக்கு அடிமை. காலையில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். காது சிவந்து, சுற்றிலும் பார்த்தார். இரண்டடி தள்ளி அவர் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். “சரி ஓய், சரி, மெதுவாப் பேசும், நான் பாத்துக்கறேன்” என்றார். ஜட்ஜிடமும் சொல்லிவிடுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பினேன் பாருங்கள்.

நான் என் பங்குக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. காரை மூலையில் நிறுத்தி, அவளை அதிலேயே வைத்திருந்தேன். நல்ல வெயில். ஈரத்துணி போட்டு, தண்ணீர் காட்டி, விசிறிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஆண் நாயோடு யார் வந்தாலும் நானே எழுந்து போய்ச் சொல்லித் திருப்பினேன். பெண் நாய்கள் முறை வந்தபோது வரிசையில் கடைசியாக நின்றாள். ஜட்ஜ் பெங்களூரிலிருந்து வந்த பெரியவர். பார்த்தார், ஓடச் சொன்னார், இவள்தான் முதல் என்று கை காட்டினார். பிறகு கை கழுவிச் சாப்பிடப் போய்விட்டார். ஒரு சத்தம் இல்லை, ஒரு குழப்பம் இல்லை. முறைப்படி செய்தால் அப்படித்தான் இருக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு கடைசிப் போட்டி. ஆண்களில் முதலாவதும் பெண்களில் முதலாவதும் ஒன்றாக ரிங்குக்குள் வர வேண்டும், இரண்டில் ஒன்றுக்குக் கப். ஆண்களில் ஜெயித்தது ஓய்வுபெற்ற ஒரு பட்டாள அதிகாரியின் நாய். மனிதர் நல்ல உயரம், மீசை. மூன்று வருடமாகக் கப் அவர் வீட்டுக்குத்தான் போகிறது.

நான் செயலாளரிடம் போய், அவர் நாய் முன்னால் போகட்டும், நாங்கள் கடைசியில் நிற்கிறோம் என்றேன். அதிகாரி காதில் அது விழுந்துவிட்டது. அங்கேதான் எல்லாம் கெட்டது.

நம் ஊரில் கடைசியில் வருகிறவன்தானே பெரியவன்? கச்சேரி என்றாலும் கூட்டம் என்றாலும் சின்னவர்கள் முதலில், பெரியவர் கடைசியில். தோசைக்கடைக்காரன் தனக்கு மேலே இடம் கேட்கிறான் என்று அவர் நினைத்துவிட்டார். ரிங் ஓரத்தில் நின்றுகொண்டு என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

“அவசானம் என்றெ நாயாணு. தான் முன்பே கேறடோ.”

கடைசி அவர் நாய்க்குத்தானாம், நான் முன்னால் ஏற வேண்டுமாம். நான் மரியாதை கேட்கவில்லை, அவளுடைய நிலைமைக்காகக் கேட்கிறேன் என்று செயலாளரைப் பார்த்துச் சொன்னேன். அவர் வாயைத் திறந்து, “சார், இவள் ஹீட்டில் இருக்கிறாள்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. பெண்கள் இருக்கிறார்களாம், சொல்லக் கூசுகிறதாம். “அண்ணாச்சி, பெரியவர் ஆசைப்படறார், விட்டுக்கொடும்” என்று என் தோளைத் தட்டினார். நான் உரக்கச் சொல்லத் தயார். அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள், என் கை வாரைப் பிடித்திருந்தது, முன்னால் ஏறிவிட்டேன்.

எத்தனையோ ராத்திரி இதை நினைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லக் கூசியவருக்கு, அதன் பிறகு நடந்ததைப் பார்க்க மட்டும் கூசவில்லை.

அதிகாரியின் நாய் உள்ளே வரும்போதே மூக்கைத் தூக்கிவிட்டது. வெயிலுக்கு அப்படி இருக்கிறது என்று அதிகாரி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். ஜட்ஜ் என்னிடம் வந்தார். அவள் கல் மாதிரி நின்றாள். பல் பார்த்தார், முதுகைத் தடவினார், பின்னங்காலைப் பிடித்துப் பார்த்தார். பிறகு அதே கையோடு திரும்பி அந்த நாயிடம் போனார்.

நான் “சார், கை” என்றேன். யார் காதில் விழும்?

அந்த நாய் ஜட்ஜின் கையை ஒரு தரம் மோந்தது. அடுத்த நொடி இரண்டு முன்னங்காலையும் அவர் தொடையில் போட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டது. ஜட்ஜ் விலக விலக அது விடவில்லை. அதிகாரி பட்டாளக் குரலில் என்னென்னவோ உத்தரவு போட்டார். ஒன்றையும் அது மதிக்கவில்லை. கூட்டம் சிரிக்கிறது, வெள்ளைக் கால்சட்டை முழுக்கச் செம்மண். கடைசியில் இரண்டு பேர் வந்து பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நேரமும் என்னுடையவள் நிறுத்தின இடத்தில் நின்றாள். வால்கூட ஆடவில்லை.

அப்போதுதான் செயலாளர் அதிகாரியின் காதில் விஷயத்தைச் சொன்னார். காலையில் சொல்ல வேண்டியதை! அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

“ஓசினு சேர்க்கான் கொண்டுவந்நதாணு இவன்.”

அவருடைய நாயோடு ஓசியில் சேர்த்துக் குட்டி எடுக்க நான் அவளைக் கொண்டுவந்தேனாம். எச்சில் இலை எடுத்த காலத்திலும் ஒருவனிடம் ஓசிக் காபி வாங்கிக் குடிக்காதவனைப் பார்த்துச் சொல்கிறார். அங்கே நூறு பேர் கேட்டார்கள். அவளை வெளியே கொண்டுபோ என்று கையும் காட்டினார்.

நான் பதில் சொன்னேன். “சாரே, ஒங்க ஆளுக்கு மூக்க அடக்கத் தெரியல. அதுக்கு எம் பிள்ள வெளிய போணுமா?”

யாரோ கை தட்டினார்கள். நியாயத்துக்கு ஜட்ஜ் ஒருவர்தான் அங்கே இருந்தார். கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவர் எனக்குச் சொன்னது இது. நிற்கச் சொன்னால் நிற்கிற நாய்க்குத்தான் கப், யாரும் சொல்லாமலே இவள் நின்றாள். கப் அவளுக்கு.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதவே மாட்டேன்.

மேடையில் ஒரு பெரிய இடத்து அம்மாள் பரிசு கொடுக்க உட்கார்ந்திருந்தார். மற்ற வகைகளில் ஜெயித்த நாய்கள் எல்லாம் மேடைப் பக்கம் நின்றன, அதிகாரியின் நாயும் இரண்டாம் பரிசுக்காக நின்றது. செயலாளர் வேர்த்து வழிய என்னிடம் ஓடி வந்தார். “அண்ணாச்சி, உம்ம நன்மைக்குச் சொல்றேன். அதைக் கார்லயே விட்டுட்டு நீர் மட்டும் மேடைக்கு வாரும்.”

ஜட்ஜை ஏறி மிதித்தவன் மேடைப் பக்கம் நிற்கலாம். ஆடாமல் அசையாமல் நின்றவள் காரில் கிடக்க வேண்டும். அவனை அப்புறப்படுத்துங்கள், அல்லது பத்தடி தள்ளி நிறுத்துங்கள், இவளைக் கடைசியாகக் கூப்பிடுங்கள், ஏறி இறங்க அரை நிமிஷம் ஆகாது என்றேன். அதிகாரி மனம் நோகும் என்றார். எங்கள் மனம் என்ன கருங்கல்லா?

“ஜெயிச்சது நானா, அவளா?” என்று கேட்டேன். வேர்த்த முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப நான் எதுக்கு வரணும்?”

கூடாரத்துக்குப் பின்னால் ஒரு வழி இருக்கிறது, காபித் தூக்கோடு நான் வந்து போன வழி. காரை அந்தப் பக்கமாக எடுக்கச் சொன்னார்கள். நான் டிரைவரிடம் காரை வெளியே ரோட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்து என்றேன். அவளை வாரில் பிடித்துக்கொண்டு, ஆண் நாய்களுக்குத் தூரமாகச் சுற்றி, முன் வாசல் வழியாக நடந்தேன். மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் ஒரு தரம் நின்று திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தன் பெயர் தெரியும் அல்லவா.

இரண்டு நாள் கழித்துக் கப்பைப் பழைய பேப்பரில் சுற்றி ஹோட்டலுக்கு ஆள் கொடுத்து அனுப்பினார்கள். பின்வாசல் வழியாக, அடுப்படிக்கு! வந்த ஆளுக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட்டு, பேப்பரைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினேன். மேடையில் வைத்து அவளிடம் கொடுப்பதானால் சொல்லுங்கள், எந்த நாளானாலும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பதில் அடுத்த வருடம் வந்தது: ஹீட்டில் இருக்கும் பெண் நாய்களுக்கு அனுமதி இல்லை என்று விதி போட்டார்கள். ஜட்ஜ் மேல் ஏறும் ஆண் நாய்களுக்கு விதி ஒன்றும் போடவில்லை.

அதற்குப் பிறகு நான் அவளை அங்கே கொண்டுபோகவில்லை. பருவம் இல்லாத நாளில் கொண்டுவரலாமே என்றார்கள். பெண்ணாக இல்லாத நாளில் வா என்கிற மாதிரி இருந்தது எனக்கு. வயதாகி, என் கல்லாவுக்கு அடியில் படுத்தபடி செத்தாள்.

கப் இன்னும் அந்தச் சங்கத்தின் கண்ணாடி அலமாரியில் இருப்பதாகக் கேள்வி. அவள் பெயர் அதில் வெட்டியிருக்கிறதாம். என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் போய் அதைப் பார்த்துவிட்டு வரட்டும்.