புகைபோக்கிக்கு இடப்புறம் அகத்தியர்

முதலில் காணாமல் போனவை சின்ன நட்சத்திரங்கள். வானம் மூடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பெரிய நட்சத்திரங்களும் போயின. பகலில் ஊசியில் நூல் கோத்தேன்; பொழுது சாய்ந்ததும் வாசற்படியில் தடுக்கி விழுந்தேன்.

அதன் பெயர் மாலைக்கண் (வெளிச்சம் குறைந்ததும் பார்வை போய்விடும் நோய்). உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ அது வந்திருந்தால், இதைப் படியுங்கள். எனக்கு வந்தபோது நான் தபால் வழியாக வானியல் படித்துக்கொண்டிருந்தேன். நட்சத்திரம் படிக்கிறவளுக்கு வேறு நோயே கிடைக்கவில்லையா என்று சிரிப்பீர்கள். பிறகு நானும் சிரித்தேன்.

மலாய் நாட்டில், மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் வீட்டுக்காரர் அருளப்பன் அங்கேயே கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர். ஜப்பான் சண்டைக்கு முன்னால், சீமையில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் தொடக்க வகுப்பில் சேர்ந்தேன். கப்பலில் பாடம் வரும். விடை எழுதிக் கப்பலில் அனுப்புவேன். எங்கள் தோட்டத்தில் அப்படிப் படித்த ஒரே ஆள் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

ஜப்பான்காரன் வந்தான், கப்பல் நின்றது. கைக்கு வந்திருந்த கடைசிப் பாடத்தில் ஒரு பயிற்சி பாக்கியிருந்தது. பளிச்சென்ற ஒரு நட்சத்திரம் அசையாத ஒரு பொருளுக்கு நேராக எப்போது வருகிறது என்று பல வாரம் பார்த்துக் குறிக்க வேண்டும். தினமும் ஏறக்குறைய நான்கு நிமிடம் முந்தி வரும் என்றது பாடம். நான் தெற்கு வானத்து அகத்தியர் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன். அசையாத பொருள், வாசலுக்கு நேர் தெற்கே ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தின் புகைபோக்கி. விடையை அனுப்ப வழியில்லை என்று தெரியும். இருந்தாலும் யாருக்காகவும் பாதியில் விடுவதாக இல்லை.

தெரிந்தால் படிப்பை நிறுத்தச் சொல்வார்கள் என்று, கண் போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அருளப்பன் சாயங்காலம் வாசலில் நின்று, "எங்க உன் அகத்தியர்?" என்று கேலியாகக் கேட்பார். நான் மணி கேட்பேன், மனத்துக்குள் கணக்குப் போடுவேன், இருட்டில் கையை நீட்டுவேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. கண் தெரியாமலே நட்சத்திரம் காட்டுகிறேனே என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

காட்டிக் கொடுத்தது தோக்கியோ. ஜப்பான்காரன் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி, தோக்கியோ நேரம் வைத்திருந்தான். அருளப்பன் ஆபீசில் அந்த நேரத்துக்குத் தலையாட்டிவிட்டு, தன் கைக்கடிகாரத்தில் பழைய நேரத்தையே வைத்திருப்பார். ஒரு நாள் ஜப்பானிய அதிகாரி சோதனைக்கு வரவே பயந்துபோய் முள்ளைத் திருகியவர், மாற்ற மறந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மணி என்னங்க?"

"ஒம்பது."

"அப்ப நேரா பொகபோக்கி தலையிலதான் ஒக்காந்திருப்பாரு, பாருங்க."

அவர் தெற்கே பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இன்னும் எடது பக்கம்தான் நிக்கிறாரு. வாட்ச்சுல தோக்கியோ டைம், மாத்த மறந்துட்டேன்... நீ வானத்தப் பாக்கவே இல்லியா?"

"கண்ணு தெரியலீங்க" என்றேன். அதுவரை அடக்கிவைத்த அழுகை வந்தது.

மறுநாள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர் (மருந்து கொடுப்பவர்; அப்போது எங்களுக்கு டாக்டரும் அவர்தான்) இமையை விரித்துப் பார்த்தார். வெள்ளைவிழி வறண்டிருந்தது. உயிர்ச்சத்துக் குறைவு (உணவில் கண்ணுக்கு வேண்டிய சத்து இல்லாமை) என்றார். இப்படியே விட்டால் கருவிழி புண்ணாகிப் பகல் பார்வையும் போகும் என்றார். அலமாரி காலியாக இருந்தது. கொடுக்க மாத்திரை இல்லை.

"சாப்பாடு என்னா டீச்சர்?"

"அரிசி ஏது? மூணு வேளையும் ஊபிதான்" என்றேன். மரவள்ளிக்கிழங்கை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"கெழங்கத் திங்கிறீங்க. பூச்சோக் இருக்கே, கொழுந்து எல, அத என்னா செய்றீங்க?"

"குப்பையில போட்டுர்றோம்."

"அங்கதான்லா கெடக்குது ஒங்க கண்ணு!"

மலாய்க்காரர்கள் விரும்பித் தின்னும் தழை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதற்கு மதிப்பில்லை. அன்று முதல் கொழுந்தை நன்றாக வேகவைத்து, தண்ணீரை இறுத்துக் கொட்டி (பச்சையாகத் தின்றால் நஞ்சு), தேங்காய்ப்பால் விட்டுச் சாப்பிட்டேன். தஞ்சோங் டாவாய் மீனவர்களிடம் அருளப்பன் சைக்கிளில் போய் மீன் ஈரல் வாங்கிவருவார். அந்த வாடை தாங்காது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன்.

உடனே தெளிந்துவிடவில்லை. முதலில் விளக்கைச் சுற்றி மஞ்சள் வட்டம் தெரிந்தது. பிறகு அருளப்பனின் வெள்ளைச் சட்டை தெரிந்தது, அதற்குள் ஆள் இல்லாதது போல. நடுவில் நம்பிக்கை போய், பாடப் புத்தகத்தைப் பெட்டியின் அடியில் தள்ளினேன். அவர் அதை எடுத்துத் திரும்ப மேசைமேல் வைத்தார்.

சித்திரை பிறந்த சமயம், ஒரு சாயங்காலம் வாசலுக்கு வந்தேன். தெற்கே ஒரு புள்ளி இருந்தது. கண்ணை மூடித் திறந்தேன். இருந்தது.

"பொகபோக்கிக்கு வலது பக்கம்" என்றேன்.

அவர் நம்பவில்லை. ஏற்கெனவே ஏமாந்தவர் அல்லவா! "பாக்குறியா, ஒப்பிக்கிறியா?"

அந்த நேரம் பார்த்து மேகத் துணுக்கு ஒன்று நகர்ந்து வந்தது.

"இப்ப மறைஞ்சிட்டாருங்க... இன்னும் இல்ல... இதோ, வந்துட்டாரு!"

மேகம் எந்தப் பாடத்திலும் கிடையாது. அருளப்பன் படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

சண்டை முடிந்து கப்பல் ஓடியதும் விடையை அனுப்பினேன். இடையில் குறிப்பு இல்லாத வாரங்களுக்கு நேராக, 'கண் தெரியவில்லை' என்று எழுதினேன். தேர்ச்சி என்று பதில் வந்தது. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வந்தவர்கள் எல்லாரும் பார்த்தாக வேண்டும்.

நோயில் கிடந்த காலத்தை நான் நாட்களாக நினைப்பதில்லை. கண் போனபோது பொழுது சாய்ந்ததும் அகத்தியர் புகைபோக்கிக்கு இடப்புறம் நின்றார். கண் வந்தபோது வலப்புறம் நின்றார். அந்த இடைவெளிதான் என் நோய். நான் பார்க்காதபோதும் அவர் தினமும் நான்கு நிமிடம் நடந்திருக்கிறார்.

இப்போதும் சாயங்காலம் யாராவது மணி கேட்டால் நான் முதலில் தெற்கே பார்க்கிறேன். மணிக்காக அல்ல, கண் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. அப்புறம்தான் கடிகாரம்.