மூலை போல்ட்

அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் பட்டறைத் தெருவில் பாதிப் பேர் முழிப்பார்கள். கைராசி மெக்கானிக் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வார்கள். கெட்டிக்காரர்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டம் தலைக்கேறி அங்கேயே குடித்தனம் நடத்தியது. கை இஞ்சினுக்குள் இருக்கும்போதும் வாய் தன் பெருமையைப் பேசிக்கொண்டே இருக்கும்.

அவருடைய தங்கை வாடகைக் கார் ஓட்டினாள். புருஷன் தையல்கடைக்காரர். அவள் கார் ஓட்டக் கிளம்பியபோது, "உனக்கெதுக்கு இந்த வம்பு?" என்று கேட்காத ஆள் இல்லை. அவளும் யார் வாயிலும் விழாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். இஞ்சின் புகை தள்ள ஆரம்பித்ததும் அண்ணனிடம் கொண்டுவந்து விட்டாள். அவர் முழுதாகப் பிரித்துப் புதிதாக்கிக் கொடுத்தார். கொடுத்த சூட்டோடு சூடாக, பாலத்து ஏற்றத்தில் இஞ்சின் கொதித்து நின்றது. சவாரிக்காரர்கள் திட்டிக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

கயிறு கட்டி இழுத்து வந்த வண்டியின் பானட்டைக்கூட அவர் தூக்கிப் பார்க்கவில்லை. பட்டறை வாசலில், பக்கத்துக் கடையில் ஒடுக்கு எடுக்கும் டிங்கர், தங்கை புருஷன், வேடிக்கை பார்க்கக் கூடியவர்கள் எல்லார் முன்னாலும் ஒரே போடாகப் போட்டார்.

"தண்ணி இல்லாம ஓட்டியிருக்கா. வேறென்ன?"

"காலையில பார்த்துட்டுத்தாண்ணே எடுத்தேன்," என்றாள் தங்கை.

"பார்த்திருந்தா ஏன் கொதிக்குது? நான் கை வச்ச இஞ்சின் சும்மா கொதிக்குமா?"

புருஷன் அவளிடமிருந்து சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "டிரைவர் போட்டு ஓட்டிக்கலாம். நீ வீட்ல இரு," என்றார். அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற மெக்கானிக் உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு போல்ட்டும் முனகிக்கொண்டு முரண்டு பிடித்துத்தான் வந்தது. பின்பக்க மூலையில் இருந்த ஒன்று மட்டும் ஸ்பானரை வைத்ததும் சொன்னபடி கேட்டுச் சுழன்றது. ஹெட்டைத் தூக்கினால், அந்த மூலைக்குப் பக்கத்தில்தான், நடுவில் அடைப்பாக இருக்கும் கேஸ்கட் கருகிப் பிளந்திருந்தது.

போல்ட் இறங்கும் குழிக்கு அடியில் வழி கிடையாது. அதைத் துடைத்துக் காற்றடித்துக் காயவைக்காமல் போல்ட்டை முறுக்கினால், அது அடியில் தேங்கிய ஆயில்மேல் போய் முட்டிக்கொண்டு நிற்கும். முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்சும் ஏமாந்து 'டிக்' என்று சொல்லும். ஆனால் ஹெட் அமுங்கியிருக்காது; அந்தச் சந்தில் கேஸ்கட் பிளந்து இஞ்சின் கொதித்துவிடும். இதை ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவர் இவர். குழிக்குள் கம்பியை விட்டுப் பார்த்தார். கறுப்பாக, களிம்பாக, பழைய ஆயில் ஒட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு யாரோ ஒரு லாரிக்காரரிடம் தன் கைராசியை அளந்துகொண்டே குழிகளைத் துடைத்தது நினைவுக்கு வந்தது. பேச்சு சுவாரசியத்தில் இந்த ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

டிங்கரும் எட்டிப் பார்த்தார். "கேஸ்கட்டை மாத்திட்டு முறுக்கி விடுய்யா. யாருக்குத் தெரியப் போகுது?"

மெக்கானிக்கும் அப்படியே மூடிவிடலாம் என்றுதான் நினைத்தார், பாவி மனுஷன்.

மறுநாள் மதியம் தங்கை வந்தாள்.

"அண்ணே, என்னால உங்க பேரும் கெட்டுப்போச்சு. மனசுல வச்சுக்காதீங்க. தண்ணி பார்த்தேன்னுதான் நெனச்சேன். நீங்களே சொன்னப்புறம், பார்க்கலையோ என்னவோன்னு தோணுது. என் கண்ணையே என்னால நம்ப முடியலண்ணே."

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு வாய்வீச்சில் அவளுடைய வண்டியைப் பிடுங்கியது போதாதென்று, கண்ணையும் சேர்த்துப் பிடுங்கியிருக்கிறார்!

"தப்பு உன்னோடது இல்லம்மா. என்னோடது."

"எனக்காகச் சொல்றீங்க."

"உனக்காக இல்ல. இங்க வா." ஒரு போல்ட்டை எடுத்துப் பக்கத்துக் குழியில் விட்டுக் கையாலேயே சுற்றினார். கடைசி வரை இறங்கியது. அதையே மூலைக் குழியில் விட்டார். இரண்டு மரை மீதி இருக்கும்போதே நின்றுவிட்டது. "அடியில ஆயில் நிக்குது. நான் துடைக்கல."

அவள் அந்தப் போல்ட்டைத் தானும் ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள்.

"அப்போ நான் பார்த்தேன்," என்றாள். "விரலை விட்டே பார்த்தேன். விரல் நனைஞ்சுது."

"நனைஞ்சிருக்கும்."

"என்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? வாசல்ல நின்னு எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க."

அவர் தையல்கடைக்கு ஆள் அனுப்பினார். தங்கை புருஷன் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே வந்தார். டீ குடிக்க நின்றவர்களும் கூடிவிட்டார்கள். மெக்கானிக் வாசலில் நின்று, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்ததும் புருஷன் சிரித்துவிட்டார்.

"அண்ணன்னா இப்படித்தான் மச்சான் இருக்கணும். தங்கச்சி பழியைக்கூடத் தலையில தூக்கி வச்சுக்கிறீங்க பாருங்க."

"அட, கைராசிக்காவது தப்பு வர்றதாவது!" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"நெசமாத்தான் சொல்றேன் மாப்ள! சத்தியமா நான்தான்!" கத்தியே விட்டார். ஒருவரும் நம்புகிற மாதிரி தெரியவில்லை.

தங்கை அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "அன்னைக்கு நானும் நெசத்தைத்தாண்ணே சொன்னேன்," என்றாள்.

அவருக்குக் காது சிவந்துவிட்டது. புருஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழியைக் காட்டினார். போல்ட்டை அங்கேயும் இங்கேயும் விட்டுக் காட்டினார். சிரிப்பு மெல்ல அடங்கியது. புருஷன் அசடு வழியச் சாவியை எடுத்து மச்சானிடம் நீட்டினார்.

"என்கிட்ட எதுக்கு? அவகிட்ட குடு."

அவள் வாங்கிக்கொண்டாள். போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கார் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"புது போல்ட் வாங்கி வச்சிருக்கேன்," என்றார் அவர். "பழசு இழுபட்டிருக்கும், திரும்பப் போடக் கூடாது. நடுவுல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா வரணும். முதல்ல லேசா, அப்புறம் பாதி, அப்புறம்தான் முழுசா."

"போடுங்க. பார்க்கறேன்."

அவர் முதல் குழியைத் துடைத்தார், காற்றடித்தார். "துடைச்சாச்சு," என்றார்.

"காட்டுங்க," என்றாள் தங்கை.

தெருவே பார்த்துக்கொண்டிருக்க, கைராசி மெக்கானிக் டார்ச்சை எடுத்துக் குழிக்குள் அடித்துக் காட்டினார். அவள் குனிந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அடுத்த குழிக்குப் போனார்.