குலவையில் பூட்டிய தாடை

என் மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் முளைத்த நாளிலிருந்தே பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள். கீழ்த்தாடை இடது பக்கம் ஒதுங்கியிருக்கும். முறுக்கை வலது கடைவாயில்தான் கடிப்பேன். வாயைத் திறந்தால் காதுக்கு முன்னால் 'டக்' என்று சத்தம் வரும். பல் கோணலுக்கெல்லாம் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா என்று நானே கேட்டு, நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். மம்சாபுரத்தில் குலவை போட என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தத் தலைக்கனம் வேறு.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி எடுத்த அன்று, கோவில் வாசலில் நீளமாக ஒரு குலவை போட்டேன். திறந்த வாய் மூடவில்லை. தாடை முன்னால் வந்து பூட்டிக்கொண்டது. கண்ணீரும் எச்சிலும் ஒழுக "ஆ... ஆ..." என்று கத்தினேன்.

"ஏட்டி, ஆத்தா எறங்கிட்டா!" என்றாள் ஒருத்தி. நெற்றியில் திருநீறு பூசி, கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். என் வீட்டுக்காரரும் கும்பிட்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னைக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த அவர் தங்கை என் காலில் விழுந்தாள். அவள் மகளுக்கு இரண்டு தடவை கரு கலைந்து, இது மூன்றாவது.

"தாயி, இந்தப் பிள்ளையாவது தங்குமா? ஒரு வாக்குச் சொல்லு."

தாடையைப் பார் என்று காட்டத்தான் தலையை ஆட்டி ஆட்டி முகவாயைத் தொட்டேன். அதையே வாக்காக எடுத்துக்கொண்டு, அவள் சிரித்தபடி அழுதாள்.

அரைமணி நேரமாகியும் ஆத்தா மலையேறாததால்தான் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்தது. ராஜபாளையத்தில் பல் டாக்டர் இரண்டு கட்டைவிரலையும் என் கடைவாயில் வைத்து அழுத்தித் தாடையை உள்ளே தள்ளினார். "மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராம, ஒரே பக்கமா மென்னு மென்னு மூட்டு நைஞ்சிருக்கு. இனி கொட்டாவியக்கூட அளந்துதான் விடணும்" என்றார்.

"தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம். அவ சந்தோசமா இருக்கா" என்றார் வீட்டுக்காரர். நானும் விட்டுவிட்டேன். அவர் மேல் மட்டும் பழியைப் போடக் கூடாது. தெருவில் நாலு பேர் எழுந்து நின்று வழிவிட்டது எனக்கும் பிடித்திருந்தது.

ஐந்தாம் மாதம் அந்தக் கருவும் போய்விட்டது. பஸ் ஏறிப் பார்க்கப் போனேன். நாத்தனார் மகள் கட்டிலில் படுத்திருந்தாள். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்தா வாக்குப் பொய்க்காது மதினி. வெள்ளிதோறும் கோயிலுக்கு வான்னேன். வாந்தியா வருதுன்னு ஒரு வாரம் இவ வரல. எல்லாம் இவளால வந்தது."

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். 'டக்' என்றது.

"வலிக்குதா மதினி? பேசாதீய. ஆத்தா எறங்குன வாயில்லா" என்றாள் நாத்தனார்.

உண்மையைச் சொல்ல வாயை ஒன்றும் அகலமாகத் திறக்க வேண்டியதில்லை. ஆமாம், வலிக்கிறது என்று மறுபடியும் தலையாட்டினேன்.