வேடியப்பனுக்குக் கொடுத்த முடி

முன்பின் தெரியாத ஒருவன் என் அம்மாவுக்குப் போன் செய்து அசிங்கமாகப் பேசினான். என் அனுபவம் அங்கேதான் தொடங்குகிறது. வேடியப்பனைக் கும்பிடும் சொந்தங்களே, திருவிழா மலருக்கு எழுதச் சொன்னபோது, நல்ல வார்த்தையாக எழுது என்றும் கேட்டுக்கொண்டீர்கள். மன்னிக்க வேண்டும். நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. அதை முதலில் கக்கிவிட்டுத்தான் சாமி செய்ததைச் சொல்ல முடியும்.

என் பெயர் சிவலிங்கம். காவலூருக்கு மேலே, மலையில் எங்கள் ஊர். சாமையும் புளியும்தான் பிழைப்பு. போன வருஷம் ராணுவத்தில் சேர்ந்தேன். பயிற்சி மையத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போனைக் கையில் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. ஊருக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது, அதன் மேல் ஏறினால் கிடைக்கும். அப்பாவுக்குக் காது மந்தம். அதனால் ஞாயிறு தோறும் அம்மாதான் பாறையில் ஏறி, என் குரலுக்காகக் காத்திருப்பார். அந்த நேரம் பார்த்துத்தான் அவன் கூப்பிட்டிருக்கிறான். பிள்ளை பேசுகிறான் என்று ஆசையாக எடுத்த போனில் அந்த வார்த்தைகள்.

"சிவா, நீ யார்கிட்டனா கடன் வாங்கினியா?" என்று கேட்டார் அம்மா.

"இல்லமா. இன்னா திடீர்னு?"

"ஒருத்தன் போன் பண்றான்டா. உன் பேர்ல லோன் கீதாம். கட்டலன்னா பட்டாளத்துக்கு எழுதிப் போட்டு உன்ன வூட்டுக்கு அனுப்பிடுவானாம். இன்னா இன்னாவோ பேசறான். அதெல்லாம் சொல்ல எனக்கு வாய் கூசுது."

அதற்கு முன்பே அம்மா இரண்டு தவணை கட்டிவிட்டிருந்தார். எங்கள் பக்கம் புளி காய்க்கும் முன்பே மரத்தை வியாபாரிக்கு விட்டுவிட்டு முன்பணம் வாங்கும் வழக்கம் உண்டு. அப்படித்தான் வாங்கிக் கட்டியிருக்கிறார். என் வேலை போய்விடக் கூடாதே என்ற பயத்தில் என்னிடம் கேட்கக்கூட இல்லை. நானோ யாரிடமும் ஒரு ரூபாய் கடன் வாங்கியதில்லை.

அன்றைக்கே போனில் என் கடன் விவர அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. என் பெயர், என் பான் எண், என் பிறந்த தேதி. "கோர்ஸ் லோன்" என்று போட்டு, பணம் போன இடமாக நான் பயிற்சி எடுத்த அகாடமியின் பெயர். கிரெடிட் ஸ்கோர் அதல பாதாளத்தில் கிடந்தது. யாரோ எச்சில் துப்பிய தட்டில் என் பெயரை எழுதி வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

அந்த அகாடமி திருப்பத்தூரில் இருந்தது. ராணுவ ஆள் சேர்ப்புக்குப் போகும் பையன்களைத் தங்க வைத்து ஓட்டமும் எழுத்துத் தேர்வும் சொல்லித் தருகிற இடம். நடத்தியவரை மாஸ்டர் என்போம். நெற்றி நிறையப் பட்டை போட்டிருப்பார். சேர்ந்த அன்றைக்கு வெள்ளைச் சுவரோரம் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். புளி விற்ற பணத்தில் என் பீஸ் முழுவதையும் ரொக்கமாக வாங்கிக்கொண்டார். பிறகு எங்கள் போன்களைப் பிடுங்கித் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். ஒழுக்கத்துக்காக என்றார். போன் பூட்டைத் திறக்கும் நம்பர் வரை எழுதி வாங்கிக்கொண்டார். மலைப் பையன்கள் நாங்கள் மறு பேச்சுப் பேசாமல் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் பெட்டிக்குச் சூடம் காட்டுவார். நாங்களும் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். இப்போது அதை நினைத்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

நான் ஓட்டத்தில் தேறினால் முடி கொடுப்பதாக அம்மா வேடியப்பனுக்கு வேண்டியிருந்தார். தேறினேன். ஆடித் திருவிழாவுக்கு ஊருக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டேன். போனைக் கேட்டதற்கு, "சாமி கும்பிடப் போறவனுக்கு இன்னாத்துக்குடா போனு?" என்று மாஸ்டர் தரவில்லை. ஒரு வாரம் கழித்துச் சான்றிதழ்களையும் போனையும் வாங்கப் போனபோது என் தலையைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாடா, பழனியாண்டி மாதிரி வந்து நிக்கற?" என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். அந்த ஒரு வாரத்தில்தான், பெட்டிக்குள் இருந்த என் போனுக்கு வந்த ஓடிபியை வைத்து, என் பெயரில் கடன் வாங்கி முழுங்கியிருக்கிறார்.

மாஸ்டருக்குப் போன் செய்தேன். மறுப்பார், மழுப்புவார் என்று நினைத்தேன். அவர் மறுக்கவே இல்லை.

"தம்பி, நீ நாட்டுக்குச் சேவை பண்ணப் போயிருக்கற. இது சின்ன விஷயம். மாசா மாசம் கட்டிடு. உனுக்குச் சாமி நெறைய குடுக்கும்" என்றார்.

அந்த வாயால் சாமி பெயரைக் கேட்டபோது வந்த அருவருப்பு எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கடன் கொடுத்த நிதி நிறுவனத்தைக் கூப்பிட்டேன். ஓடிபி உன் போனில் இருந்து வந்தது, போட்டோ அன்றைக்கே நேரில் எடுத்தது, நீயும் உன் மாஸ்டரும் அடித்துக்கொள்ளுங்கள், எங்களுக்குப் பணம் வேண்டும் என்றார்கள். காகிதங்களையாவது அனுப்புங்கள் என்று கேட்டு வைத்தேன். பிறகு பயிற்சி மையத்தில் சம்பளக் கணக்கு தொடங்க வந்த வங்கி அதிகாரி என் ஸ்கோரைப் பார்த்துவிட்டு, "இந்த வயசிலேயே இப்படியா தம்பி?" என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

இன்னொரு ஜென்மம் வாசலிலேயே நின்றது. பயிற்சி மையத்தின் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்து, புது ரெக்ரூட்களுக்குக் கடன் பிடித்துத் தரும் ஏஜென்ட். பைக் வேண்டுமா, போன் வேண்டுமா என்று கேட்பான். சம்பளம் வருகிறவன் என்றால் ஈ மாதிரி வந்து மொய்ப்பான். ஞாயிற்றுக்கிழமை அவுட்பாஸில் போனபோது என் விஷயம் கேட்டு, பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்கித் தருகிறேன், வட்டி கொஞ்சம் கூட இருக்கும், ஆனால் மேலே யாருக்கும் தெரியாது என்றான். அந்தக் கடைசி வார்த்தையில் விழுந்தேன். பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கும் வரை நான் முழுச் சிப்பாய் இல்லை. அதற்குள் ஒரு கடிதம் வந்தால் மூட்டையைக் கட்டச் சொல்லிவிடுவார்கள் என்று நம்பினேன். அடுத்த ஞாயிறு கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஓட்டத்தில் கடைசியாக வந்தேன். பயிற்சி மையத்துக் கோயிலில் நம் வேடியப்பன் இல்லை. ஆனால் மைதானத்து ஓரம் நெடுக வரிசையாகக் கற்கள் நட்டு, சுண்ணாம்பு அடித்து வைத்திருப்பார்கள். அதில் ஒரு கல் நம் வேடியப்பன் கல் உயரத்துக்கே இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அதன் முன்னால் ஷூ கயிறு கட்டுகிற மாதிரி உட்கார்ந்தேன். முதலில் என் வாயில் வந்தது பிரார்த்தனை இல்லை, சாபம். அந்த மாஸ்டர் குடும்பம் நாசமாகப் போக வேண்டும் என்று கேட்க வந்தேன். கேட்க முடியவில்லை. நம் சாமி யார்? சண்டையில் விழுந்த வீரன். அவனுக்காக நட்ட கல். அவனிடம் போய் இந்தச் சில்லறை வேலையைச் செய் என்று கேட்க எனக்கே கேவலமாக இருந்தது.

"அப்பா, எனக்குப் பணம் வேணாம். நான் வாங்கலன்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நீ சொல்லு" என்று மட்டும் கேட்டேன். கேட்டதும் அழுகை வந்துவிட்டது. முடி தருகிறேன் என்று வேண்டிக்கொள்ளத் தலையில் கை வைத்தேன். கொடுக்க அங்கே ஒன்றும் இல்லை. ராணுவத்து பார்பர் முந்திக்கொண்டுவிட்டார்.

மறுநாள் காலை போன் கைக்கு வந்தது. நிதி நிறுவனம் காகிதங்களை அனுப்பியிருந்தது. கூடவே வசூல்காரன், "இது உன் மூஞ்சி இல்லன்னு சொல்லு பார்க்கலாம்" என்று போட்டிருந்தான். திறந்தேன். என் முகம்தான். வெள்ளைச் சுவர், வழித்து வாரிய கறுகறு முடி. கீழே கடன் வாங்கிய தேதி. இனி ஒன்றும் இல்லை, ஏஜென்டிடமே போய்விடலாம் என்று எழுந்தேன்.

அப்போது என் அக்கா வீட்டுக்காரரிடமிருந்து வரிசையாகப் படங்கள் வந்து விழுந்தன. மச்சான் படவேட்டுப் பக்கம் இருக்கிறார், வயல் வேலை. என் கடன் விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது. "போன்ல எடம் இல்ல மாப்ள. திருவிழா போட்டோ எல்லாம் அழிக்கப் போறேன். வேணும்னா வெச்சிக்கோ" என்று எழுதியிருந்தார். முதல் படத்தில் நான். கல்லுக்கு முன்னால் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு நிற்கிறேன். மூலையில் தேதி இருந்தது.

இரண்டு தேதிகளையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மொட்டை அடித்து நாலு நாள் கழித்துத்தான் அந்தக் கடன் வாங்கப்பட்டிருக்கிறது. அன்றைக்கே நேரில் எடுத்த படம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நாலு நாளில் அவ்வளவு முடி யாருக்கு முளைக்கும்? சேர்ந்த அன்றைக்குச் சுவரோரம் எடுத்த படத்தைத்தான் மாஸ்டர் ஏற்றியிருக்கிறார். நான் மறந்தே போயிருந்த மொட்டை அது. என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். முந்தின நாள் நான் யாரிடம் கேட்டேன் என்று எனக்குத் தெரியும்.

டீக்கடைக்குப் போகவில்லை. எங்கள் சுபேதாரிடம் போனேன். தமிழ்க்காரர், முன்கோபக்காரர். இரண்டு படங்களையும் பார்த்தார்.

"இதையா இத்தன நாளா வயித்துல கட்டிக்கிட்டு ஓடின? அதான் கடைசியா வர்றியா?" என்று திட்டினார். யாரோ செய்த திருட்டுக்கு உன்னை எதற்கு வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கேட்டார். நான் நடுங்கியதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் ஒன்றுமில்லாமல் போயிற்று.

அவர் சொல்லி எங்கள் அலுவலகத்திலிருந்தே நிதி நிறுவனத்துக்குக் கடிதம் போனது. கடன் விவரங்களைப் பதிவு செய்யும் நிறுவனத்துக்கு நானும் ஆட்சேபம் எழுதினேன். மச்சான் திருப்பத்தூர் போலீசில் புகார் கொடுத்தார். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, அந்தத் தகரப் பெட்டியில் போன் போட்ட மலைப் பையன்கள் பலர் பெயரிலும் இதே கடன். சில வாரங்களில் என் பெயரிலிருந்து கடனை நீக்கினார்கள். ஸ்கோர் மெதுவாக மேலே ஏறியது. அம்மா கட்டிய தவணைகளும் திரும்ப வந்தன. நிதி நிறுவனத்தில் நேற்று வரை "டேய்" என்றவர்கள் இன்றைக்கு "சார்" என்றார்கள். அந்த சாரைக் கேட்கவும் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. அம்மாவைப் பேசியதற்கு மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. புளி வியாபாரி, பேச்சு பேச்சுதான் என்று அந்த வருஷத்துக் காயை முழுக்க உலுக்கிக்கொண்டு போனார். மாஸ்டர் மேல் வழக்கு நடக்கிறது. ஜாமீனில் வந்து, பட்டை போட்டுக்கொண்டு இன்னும் கோயில் வரிசையில் முதலில் நிற்கிறாராம். நின்றுகொள்ளட்டும், அவருக்கும் நம் சாமிக்கும் நடுவில் நான் யார்.

தேசியக் கொடி முன்னால் கை நீட்டி உறுதிமொழி எடுத்தேன். முதல் விடுமுறையில் ஊருக்கு வந்தேன். ரோட்டோரம் என் பஸ்ஸுக்குக் காத்து நின்ற அம்மா தலையில் முக்காடு போட்டிருந்தார். வெயிலுக்கு என்று நினைத்தேன். குனிந்து என் பையைத் தூக்கும்போது முக்காடு நழுவியது. மழுங்கச் சிரைத்த தலை.

"இன்னாமா இது?"

"உனுக்குத்தான் அங்க முடியே வுட மாட்டாங்களே. அதான் நான் குட்த்துட்டேன்" என்றார். ஏதோ கடைக்குப் போய் வந்த மாதிரி சொன்னார். நான் அங்கே சுண்ணாம்பு அடித்த கல்லுக்கு முன்னால் உட்கார்ந்த அதே சனிக்கிழமை அவர் இங்கே வேண்டியிருக்கிறார். நடு ரோட்டில் அம்மா தலையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அதன் பிறகு நான் மாறிவிட்டேன். சம்பளம் வந்ததும் முதலில் அம்மாவுக்கு, அடுத்து சேமிப்புக்கு, மீதியில்தான் என் செலவு. கூட இருக்கும் பையன்கள் கடனில் பைக் வாங்குகிறார்கள், நான் பஸ்ஸில் போகிறேன். போனின் பூட்டு நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும். என் அறிக்கையை நானே அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

என்னைப் போல மாட்டிக்கொண்டு, வெட்கப்பட்டு வாயை மூடிக் கிடக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். முதலில் சாமியிடம் சொல்லுங்கள், அடுத்து ஒரு மனுஷரிடம் சொல்லுங்கள். இரண்டையும் செய்யாமல் இருந்த வரைக்கும்தான் நான் அழிந்தேன். நம்பிக்கை வராவிட்டால் இந்த ஆடித் திருவிழாவுக்கு வாருங்கள். எனக்கு லீவு கிடைக்காது. கல்லுக்குப் பக்கத்தில், காதளவு முடி வளர்ந்த ஒரு அம்மா விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பார். அவரைக் கேளுங்கள்.