மூன்றாவதாக வந்த அக்கா

தேர்தலில் மூன்றாவதாக வந்த ஒருவருக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? நான் ஆறுதல் சொன்னேன். அரசியல் அறிவியலில் எம்.ஏ. படிக்கிறவன் இல்லையா, நீளமாகவே சொன்னேன்.

என் அக்கா கல்யாணமாகி இங்கிலாந்து போனவள். அங்கே ஒரு சின்ன ஊரில் கவுன்சிலர் தேர்தலுக்கு நின்றாள். குப்பை வண்டியை வாரா வாரம் வர வைப்பேன் என்று வீடு வீடாகக் கதவைத் தட்டி ஓட்டுக் கேட்டாள். முடிவு வந்த அன்று டெல்லியில், எங்கள் முனிர்கா அறையில் நானும் ரூம்மேட்டும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தோம். கீழே கடையில் ஜிலேபிக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது. வார்டு முடிவு திரையில் வந்தது. அக்கா மூன்றாவது.

"போச்சுடா!" ஜன்னலைத் திறந்து கத்தினேன். "பையா, ஜலேபி கேன்சல்!"

"முழுசாப் படிச்சுட்டுக் கத்துடா," என்றான் ரூம்மேட்.

"எனக்கே எலெக்‌ஷன் கிளாஸ் எடுக்கிறியா?"

தோல்வியும் ஜனநாயகம்தான் என்று ஆரம்பித்து, குப்பை வண்டியை நம்பி எவன் ஓட்டுப் போடுவான் என்பது வரை டைப் செய்து அக்காவுக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. பின்னால் ஒரே கைத்தட்டல்.

"எருமை! இங்க ஒரு வார்டுக்கு மூணு கவுன்சிலர்டா. முதல் மூணு பேருமே ஜெயிச்சாச்சு!"

ரூம்மேட் செருப்பை மாட்டிக்கொண்டு ஜிலேபிக் கடைக்கு இறங்கினான்.

எங்கள் குடும்ப குரூப்பின் முகப்புப் படம் இப்போது என்னுடைய அந்த மெசேஜ்தான்.