நாலாம் மாடிக்கு மேலே, ஐந்தாம் மாடிக்குக் கீழே

லிஃப்ட்காரர் இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் பழுதுபார்த்து, உள்ளே மாட்டிய அடுத்தவர்களை வெளியே எடுத்துக்கொண்டிருப்பவர். ஊரில் எந்த லிஃப்டில் யார் மாட்டிக்கொண்டு மணியை அமுக்கினாலும், அழைப்பு நேராக அவர் சட்டைப்பைக்குத்தான் வரும். அவரும் மனப்பாடமாக மூன்று வாக்கியம் சொல்வார்: "பதறாதீங்க. கதவை நெம்பாதீங்க. பட்டனை மாத்தி மாத்தி அமுக்காதீங்க." கேட்டவர்கள் எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

மொட்டைமாடி இயந்திர அறைக்கு ஏணி ஏறி ஏறி முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஐம்பது வயதில் வேலையை விடுவது என்று முடிவு. அதற்காக ஐந்து வருஷத்துக்கு முன்பு சேமிப்பைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி தன் பாதியை இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டார். பங்குச்சந்தையின் பெரிய கம்பெனிகள் அத்தனையிலும் ஒவ்வொரு துளி.

"இதுக்குப் பேரு முதலீடா? தூக்கம்!" என்று சொல்லிவிட்டு, லிஃப்ட்காரர் தன் பாதியைக் கிரிப்டோவில் போட்டார்.

நாலு மடங்கானபோது அவர் விற்கவில்லை. ஏறுகிற நேரத்தில் இறங்குகிறவன் முட்டாள். போட்டதில் பத்தில் ஒன்றானபோதும் விற்கவில்லை. நஷ்டத்தில் விற்கிறவன் அதைவிட முட்டாள். இப்படி இரண்டு முட்டாள்தனத்திலிருந்தும் தப்பி, அசையாமல் நின்றார்; விலை பார்க்கப் போனை மட்டும் நிமிஷத்துக்கு ஒருதரம் அமுக்கிக்கொண்டிருந்தார். மனைவி கேட்டால், "ஜம்முனு இருக்கு" என்பார். மூன்று வருஷமாக ஜம்முனுதான் இருந்தது.

ஐம்பதாவது பிறந்தநாள் காலையில், தாங்கள் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டுக்கே பராமரிப்பு. கதவு ஸ்விட்சின் ஸ்க்ரூவைப் பாதி முடுக்கியிருப்பார், கிரிப்டோ விலை இரண்டு சதவீதம் ஏறியதாகச் செல்போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்ப்பதற்குள் மூன்று சதவீதம் இறங்கிவிட்டது. அந்தத் துக்கத்தில் மீதி ஸ்க்ரூ மறந்துபோனது.

சாயங்காலம், வீட்டில் உட்கார்ந்து இரண்டு கணக்கையும் பார்த்துவிடலாம் என்று இருவரும் மேலே போகையில், நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே அந்தப் பாதி ஸ்க்ரூ கழன்று லிஃப்ட் நின்றது. மனைவி மணியை அமுக்கினார். லிஃப்ட்காரரின் சட்டைப்பை அலறியது.

"எடுங்க, உங்களைத்தான் கூப்பிடுறேன்."

"போன்ல சார்ஜ் இல்ல..."

"சார்ஜ் இல்லாமயா இந்தக் கத்து கத்துது?"

உருவி எடுத்தார். அழைப்பு அடங்கியதும், கிரிப்டோ கணக்கு திறந்தபடியே கிடந்தது. ஓடுவதற்கு அங்கே நாலடிக்கு நாலடிதான் இடம்.

"இதுதான் உங்க ஜம்மா?"

"சீக்கிரம் ஏறிடும்மா."

"எது, லிஃப்டா?"

லிஃப்ட்காரர் கூரையைப் பார்த்தார். "உன்னோடது எவ்வளவு?"

"தெரியாது. ரெண்டு வருஷமா பாக்கவே இல்ல. பட்டனை மாத்தி மாத்தி அமுக்காதேன்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்களே, நான் கேட்டுக்கிட்டேன்."

தன் போனில் திறந்து காட்டினார். மலையாக ஒன்றும் ஆகிவிடவில்லை. நடுவில் ஒரு வருஷம் சறுக்கியும் இருந்தது. ஆனாலும் போட்டதைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு. அவர் பாதியும் அங்கேயே தூங்கியிருந்தால், இன்றைக்கு வேலையில் கடைசி நாள். இப்போது இன்னும் ஆறு வருஷம் ஏணி.

இன்னொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். ஊரின் மறுகோடியிலிருந்து வர ஒரு மணி நேரமாகுமாம். மனைவி தரையில் உட்கார்ந்து, அவர் போனை அவரிடமே நீட்டி, மறுபடி மணியை அமுக்கினார்.

"எடுத்துப் பேசுங்க. உள்ள ஒருத்தி மாட்டியிருக்கா."

எடுத்தார். அவர் குரல் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியிலும் வந்தது.

"பதறாதீங்க. கதவை நெம்பாதீங்க."

நிறுத்திக்கொண்டார்.

"ம், மூணாவது?" என்றார் மனைவி.